திங்கட்கிழமை அணைந்துபோகும் உற்சாகம்

சகோதரி, ஞாயிறு ஆராதனையில் இருக்கும் உற்சாகம் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் வற்றிவிடுகிறது, என் விசுவாசமே பொய்யோ என்று கேட்டிருந்தீர்கள். அதிகாலை 4 மணி ஜெபத்தையும் தொடர முடியவில்லை என்றீர்கள்.

களைப்பை விசுவாசக் குறைவு என்று நினைத்துக் குழம்பாதீர்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய காரியத்தைக் கண்ட எலியா தீர்க்கதரிசியே கொஞ்ச நாளில் சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்றார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். அந்த 4 மணித் திட்டத்தை இப்போதைக்கு விடுங்கள், நன்றாகத் தூங்குங்கள்.

அப்புறம், "ஆவியிலே அனலாயிருங்கள்" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய வேத வசனம், ரோமர் 12:11. இதைப் பாட்டிலும் கைதட்டலிலும் மட்டுமே தேடுகிறோம். அதை ஒட்டியே பவுல் சொல்வதைப் பாருங்கள்: குறைவுள்ளவர்களுக்கு உதவுவது, அந்நியரை உபசரிப்பது, அழுகிறவர்களுடன் அழுவது. எல்லாமே திங்கட்கிழமை செய்யக்கூடியவை! வெளிப்படுத்தின விசேஷத்தில், ஆதி அன்பை, அதாவது தொடக்கத்தில் இருந்த அன்பை விட்ட எபேசு பட்டணத்துச் சபையிடமும் ஆதியில் செய்த கிரியைகளைச் செய்யத்தான் கர்த்தர் சொன்னார். பழைய உணர்ச்சியை வரவழைக்கச் சொல்லவில்லை.

எனக்கும் வறண்ட வருடம் ஒன்று இருந்தது. அப்போது காலையில் ஒரே ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன். மாலைக்குள் அவருக்காக ஏதாவது செய்வேன், சில நாள் நலம் விசாரித்து ஒரு போன் மட்டும்தான். மனதில் அனல் திரும்பப் பல வாரங்கள் ஆயின, ஆனால் திரும்பியது. நாளைக் காலை நீங்கள் யார் பெயரைச் சொல்வீர்கள்?