வாசகர் கேள்வி - பதில்: காலிக்குப் போன ரயிலும் ஒரு காகிதப் பையும்

இம்மாதம் வந்த கடிதங்களுள் கோயம்புத்தூர் வாசகி ஒருவருடையது என்னை நெடுநேரம் எழவிடாமல் உட்கார வைத்துவிட்டது. இப்பகுதியின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். அதே கடற்கரையைப் பற்றி முன்பே வந்து காத்திருந்த சில கேள்விகளையும் அதனுடன் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: 2004 ஜனவரியில், திருமணமான இரண்டாம் மாதம், நானும் என் கணவரும் இலங்கைக்குச் சென்றிருந்தோம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை ரயில் ஏறிக் காலி வரைக்கும் கடலை ஒட்டியே போனோம். ஹிக்கடுவையில் அடிப்புறம் கண்ணாடி பதித்த படகில் பவளப்பாறை பார்த்தோம். உனவட்டுனவில் நான்கு நாள் தங்கினோம். ரயிலில் இறால் வடை விற்றவர், பள்ளிப் பிள்ளையின் கணக்கு நோட்டுத் தாளை ஒட்டிச் செய்த பையில் அதைப் போட்டுக் கொடுத்தார். ஆசிரியர் சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்த அந்தப் பையையும் ஆல்பத்தில் வைத்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே தடத்தில் சுனாமி ஒரு ரயிலையே அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அந்த ஆல்பத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது மகள் கேட்கிறாள். நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களை அவளிடம் காட்டுவது முறைதானா? அங்கே அன்று என்னதான் நடந்தது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆல்பத்தைத் திறந்து மகளிடம் காட்டுங்கள், அம்மா. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க வேண்டுமானால், உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமியும் சேர்ந்து வந்தது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை நாள் என்பதால், விகாரைக்குப் போகிறவர்கள், ஊருக்குத் திரும்புகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போகிறவர்கள் என்று மாத்தறை விரைவு ரயிலில் நிற்கவும் இடமில்லை. காலை 6.50 மணியளவில் அது கோட்டை நிலையத்தை விட்டுப் புறப்பட்டது. அன்றைய இலங்கை நேரப்படி 6.59 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. ரயிலும் அலையும் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்பியிருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவை ரயில் நின்று நின்று கடந்த அந்த இரண்டரை மணி நேரத்துக்குள், அலை வங்கக் கடலைக் குறுக்கே தாண்டி, தீவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு வந்துவிட்டது. இரண்டும் எதிர்ப்பட்ட இடம், ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால், தெல்வத்தையை அடுத்த பெரலிய என்னும் சிற்றூர்.

அவ்விடத்தில் தண்டவாளம் கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. முதலில் வந்த அலை ரயிலைக் கவிழ்க்கவில்லை. சுற்றிலும் தண்ணீர் ஏறியதால் ரயில் நின்றது. ஊர்மக்கள் வீடுகளிலிருந்து ஓடிவந்து, பிள்ளைகளைச் சன்னல் வழியே உள்ளே ஏற்றிவிட்டார்கள். சிலர் கூரைமேல் ஏறினார்கள். சிலர் பெட்டிகளின் மறைவில், கடலுக்கு மறுபுறமாக ஒதுங்கி நின்றார்கள். கண்ணுக்கெட்டிய வரையில் கனமும் உயரமும் உள்ள பொருள் அந்த ரயில் ஒன்றுதானே? ஏன் அதில் ஏறினார்கள், ஏன் உள்நாட்டுப் பக்கம் ஓடவில்லை என்று பின்னாளில் கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதுண்டு. முதல் அலையின் அளவைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அவர்கள் செய்ததே அறிவார்ந்த செயலாகத் தோன்றியிருக்கும். அடுத்து வந்த அலை பன்மடங்கு பெரியது. பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து பெயர்த்து, உருட்டி, மரங்களின் மீதும் வீடுகளின் மீதும் மோதிவிட்டது. ஆட்கள் நிறைந்த பெட்டிகளின் கதவுகளைத் திறக்கவும் முடியவில்லை. பயணிகளும் அடைக்கலம் தேடி ஏறிய ஊராருமாக இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆயிரத்து எழுநூறு என்ற கணக்கும் உண்டு. ரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு உலகில் ஒரே ரயிலில் இத்தனை உயிர்கள் வேறெங்கும் போனதாகப் பதிவில்லை.

எச்சரிக்கை அறவே இல்லாமலும் போகவில்லை. கிழக்குக் கரையைக் கடல் கொண்ட செய்தி ரயில்வே கட்டுப்பாட்டு அறைக்கு எட்டியபின், ரயிலை நிறுத்த முயன்றிருக்கிறார்கள். செய்தி ரயிலை எட்டுவதற்குள் அது அம்பலாங்கொடையைக் கடந்துவிட்டது.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன். நீங்கள் சிரித்தபடி நிற்கும் படங்களில் உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையே துணி உலர்த்தியிருந்த வீடு, படகுத் துறையில் நின்ற பையன், கூடையைத் தலையில் வைத்திருந்த வடைக்காரர் ஆகியோர் அங்கே இருக்கக்கூடும். அந்தக் கரையோர வீடுகளிலிருந்து அலை கொண்டுபோனவற்றில் திருமணப் படங்களும் பிள்ளைகளின் படங்களும் உண்டு. ஒரே படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் இருக்கின்றன. சுனாமிக்குப் பதினோரு மாதம் முன்பு அந்தக் கரை எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் ஆல்பம் ஒரு சாட்சி. நீங்கள் அங்கே மகிழ்ந்திருந்ததில் குற்றம் எதுவும் இல்லை. உங்களை அப்படி மகிழ வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். மகளிடம் படத்தைக் காட்டும்போது அவர்களையும் சேர்த்துக் காட்டுங்கள். பெரலியப் பக்கம் சாலையோரத்தில் சுனாமிப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் சிறு காட்சியகங்கள் உள்ளன. ஊரும் கடையும் நிலையமும் தெரிகிற படங்களின் நகலை அங்கு கொடுத்தால், உங்களுக்குத் தெரியாத முகத்தை அடையாளம் காணக்கூடிய ஒருவர் அங்கே வந்து நிற்கலாம்.

கேள்வி: பூகம்பம் ஏற்பட்டது இலங்கைக்குக் கிழக்கே. அப்படியிருக்க, மேற்குக் கரையில் உள்ள பெரலியவும் நம் பக்கத்தில் கேரளமும் எப்படி அலையில் சிக்கின? தீவு குறுக்கே நின்று தடுத்திருக்க வேண்டாமா?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ஆழித்தேர் ஓடும் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், ஆகவே தேரைக் கொண்டே சொல்கிறேன். வீதி முனையில் தேரைத் திருப்ப வேண்டுமானால், ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் தாமதிக்க, மறுபக்கம் முன்னேற, தேர் தாமதித்த பக்கமாகத் திரும்புகிறது. சுனாமி அலையின் வேகத்தைக் கடலின் ஆழம் முடிவு செய்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. தீவின் ஓரமாகப் போகும் பகுதிக்குக் கரையோரத்தின் ஆழம் குறைந்த கடலடித் திட்டே முட்டுக்கட்டை. ஆழ்கடலில் போகும் பகுதிக்குத் தடை இல்லை. ஆகவே அலை கரையை நோக்கி வளைந்து, காலிமுனையைச் சுற்றி மேற்கே ஏறியது. கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டில் அத்தனை பேர் இறந்ததற்கும் அலையின் இந்த வளைவு ஒரு காரணம். வேகம் குறையும்போது பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதன்மேல் ஏறிக்கொள்வதால் உயரம் கூடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஹிக்கடுவையில் சேதம் குறைவாகவும் பக்கத்து ஊரான பெரலியவில் மிகுதியாகவும் இருந்ததற்குப் பவளப்பாறையே காரணம் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பெருமளவு உண்மை. இலங்கைத் தமிழில் இதை முருகைக்கல் என்பார்கள். ஹிக்கடுவைக்கு முன்னால் உள்ள பாறை 1979 முதலே சட்டத்தால் காக்கப்பட்டது. கோவை வாசகி கண்ணாடிப் படகில் பார்த்தது அதைத்தான். வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, பெரலியவுக்கு முன்னால் இருந்த பாறையைச் சுண்ணாம்புச் சூளைக்காகப் பல ஆண்டுகளாக உடைத்தெடுத்து வந்தார்கள். தடை இருந்தும் அது நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு நேரில் சென்று அளந்த ஆய்வாளர்கள் கண்டது இது: ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீட்டர் உயரமே எழுந்து, ஐம்பது மீட்டர் அளவுக்குத்தான் உள்ளே வந்தது. பெரலியவில் பத்து மீட்டர் அளவுக்கு எழுந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போனது. பாறை இருந்த இடத்தில் அலை அதன்மேல் உடைந்து தன் பலத்தைச் செலவழிக்கிறது. பாறையை எடுத்துவிட்ட இடம், மதகு திறந்துவிட்ட வாய்க்கால் போலாகி, இருபுறத்து நீரையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. கடலடியின் சரிவு, கரையின் வளைவு என்று வேறு காரணங்களும் உண்டு. பாறையொன்றே எல்லா ஊரையும் காத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், தண்டவாளத்துக்கு அருகே சூளையில் வெந்த கல்தான் அந்த ரயிலுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டிய கல் என்பதை மறக்க முடியவில்லை.

தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு இது புதிய செய்தியாக இராது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் இருக்கின்றன. பவளக்கல் தோண்டியதை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கடலோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்ததே, இப்போது கரை முழுவதும் விடுதிகளாக இருப்பது எப்படி?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று எல்லை வகுத்தார்கள். வீடிழந்த மீனவர்கள் அதற்குள் திரும்பக் கட்ட முடியவில்லை. அதிகம் சேதமடையாத விடுதிகளைச் செப்பனிட்டுக்கொள்ள வழி விடப்பட்டது. 2005-க்குள்ளேயே எல்லை தளர்த்தப்பட்டது. காலையில் கடலைப் பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவனை உள்ளே அனுப்பிவிட்டு, கடலைப் பார்த்து மகிழ வருகிறவர்களுக்கு முன்வரிசை தந்தது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

கேள்வி: அடுத்த மாதம் எனக்குத் திருமணம். தேனிலவுக்குக் காலி, உனவட்டுனப் பக்கம் போகலாம் என்று இருவரும் நினைக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். போகலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். சிதைந்த ரயில் பாதையை இரண்டு மாதத்துக்குள் சீர்செய்துவிட்டார்கள். அலையில் சிக்கிய எஞ்சினும் பின்னாளில் பழுது நீக்கப்பட்டு ஓடியது. காலிக் கோட்டைக்குள் போனால் மதில்மேல் ஏறி நின்று பாருங்கள். டச்சுக்காரர்கள் பீரங்கிக்காகக் கட்டிய அந்தக் கனத்த மதில், வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கியபோது, உள்ளே இருந்த தெருக்களைப் பெருமளவு காத்தது.

2004-ல் இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு ஏதும் கிடையாது. பசிபிக்கில் 1949-லிருந்தே இருந்தது. இன்று ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் மையம் உட்பட மூன்று நாடுகளின் மையங்கள் இக்கடல் முழுவதையும் கண்காணிக்கின்றன. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை உடனே வந்தது, மக்களும் கரையை விட்டு வெளியேறினார்கள். அன்று கடலடித் தட்டு நீரை மேலே தூக்காமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

எனினும் உங்கள் கண்ணும் காதும் உங்களிடம் இருக்கட்டும். தொலைவில் நடக்கும் பூகம்பம் இலங்கையில் உடலுக்குத் தெரியும்படி அதிராமல் போகலாம். 2004-ல் பெரும்பாலோர் எதையும் உணரவில்லை. கடல் காட்டும் அறிகுறி உள்வாங்குதல். அன்று களுத்துறையில் கடல் பல நூறு மீட்டர் பின்வாங்கியதைச் செயற்கைக்கோள் படமே காட்டியது. வெறுந்தரையில் துள்ளும் மீனைப் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் இறங்கிய பலர் திரும்பவில்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக விலகினாலோ, ரயில் வருவது போன்ற இரைச்சல் கேட்டாலோ, பையை எடுக்க அறைக்குத் திரும்பாமல் மேட்டுப் பக்கம் ஓடுங்கள். மேடு இல்லையென்றால் உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடாதீர்கள். பெரலியவில் கொன்றது முதல் அலை அல்ல. விடுதியில் சாவி வாங்கும்போதே மேட்டுக்குப் போகும் வழி எது என்று கேட்டு, மாலையில் இருவருமாக ஒருமுறை அந்த வழியே நடந்து பார்த்துவிடுங்கள். உனவட்டுனவை ஒட்டி ருமஸ்ஸல என்ற குன்று இருக்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைக் கொண்டுவந்தபோது உதிர்ந்த துண்டு அது என்பது அவ்வூர்க் கதை. நடையும் ஆயிற்று, கதையும் ஆயிற்று.

கேள்வி (பின்குறிப்பு): அந்தக் காகிதப் பை எண்ணெய்க் கறையுடன் ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்து எடுக்கவா, அப்படியே விடவா?
— அதே கோயம்புத்தூர் வாசகி

பதில்: பிரிக்காதீர்கள், எண்ணெய் ஊறிய தாள் நார்நாராக வந்துவிடும். இப்போது இருக்கும் நிலையிலேயே வெளிச்சத்தில் வைத்து, எழுத்து தெளியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பையின் வாய் வழியே உட்புறமும் தெரிந்தால் அதையும் எடுங்கள். சிங்களம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால், மேல் ஓரத்தில் பிள்ளையின் பெயரோ வகுப்போ இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பெயர் இருந்தால் அதைப் பொதுவெளியில் போடாமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பைக்குக் கீழே, ஆல்பத் தாளின் வெற்றிடத்தில், பென்சிலால் எழுதுங்கள்: 2004 ஜனவரி, கொழும்பு - காலி ரயில், இறால் வடை. எந்த நிலையத்தை அடுத்து வாங்கினீர்கள் என்பது உங்கள் கணவருக்கு நினைவிருந்தால், அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.