ஒற்றைக்காலில் நின்றால் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. நன்றாகத்தான் நடக்கிறார். ஆனால் சமையலறையில் சட்டென்று திரும்பினால் தடுமாறி மேடையைப் பிடித்துக்கொள்கிறார். இன்னும் விழவில்லை. தாய் சி நல்லது என்கிறார்கள். எங்கள் ஊரில் கற்றுத்தர ஆளில்லை. ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் போதாதா?

பதில்: அசையாமல் நிற்கும்போது அம்மா தடுமாறவில்லையே! எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போகும் நொடியில்தான் சிக்கல். சீனத் தற்காப்புக் கலையான தாய் சி அந்த நொடியைத்தான் நிதானமாக நீட்டிப் பழக்குகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், விழும் அபாயமுள்ள 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம் 24 வாரம், சமநிலைக்கென்றே அமைத்த தாய் சி செய்தவர்கள் விழுந்தது, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவு.

தாய் சியின் முழு அசைவு வரிசைக்கு ஆசிரியர் வேண்டும். அடிப்படை இரண்டை வீட்டிலேயே தொடங்கலாம்.

முதலாவது, எடை மாற்றம். மேடை கைக்கு எட்டும்படி நிற்கட்டும். முதுகுக்குப் பின்னால், நகராத நாற்காலி ஒன்று இருக்கட்டும். பாதங்கள் இடுப்பகலம், முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கணும். நான்கு எண்ணுவதற்குள் எடையை வலது காலுக்கு நகர்த்தி, இடது குதிகால் லேசானதும் மறுபக்கம். பக்கத்துக்கு 8 முறை. இடுப்பு நகராமல் தோள் மட்டும் சாய்ந்தால் எடை மாறவே இல்லை.

இரண்டாவது, காலடி. முழு எடையும் இடது காலில் இருக்க, வலது குதிகாலை மட்டும் அரையடி முன்னால் வைக்கணும். உடனே அந்தக் காலைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். உடம்பு ஆடாமல் வந்தால் சரி. 'தொப்'பென்று இறங்கினாலோ எடுக்க முடியாமல் முன்னால் சாய்ந்தாலோ, எடை முன்கூட்டியே போய்விட்டது, அடியைச் சிறிதாக்குங்கள். இது கைவந்த பிறகே பாதத்தைப் படியவைத்து எடையை முன்னே கொண்டுபோகலாம். வீடியோ பார்த்துக் கற்பவர்கள் இந்தச் சோதனையைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். கைவீச்சு அழகாக வரும், கால் ஆடும்.

பாதங்களை ஒரே கோட்டில் வைத்தால் கயிற்றின் மேல் நடப்பது மாதிரிதான். இடையில் ஒரு சாண் அகலம் இருக்கட்டும். முழங்கால் உள்பக்கம் மடிந்தால் நாலே நாளில் வலிக்கும். மூச்சை அடக்குகிறாரா? எண்களை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். தரை உலர்ந்திருக்கணும், நைட்டியோ சேலையோ கணுக்காலுக்கு மேலே. தினம் 10 நிமிடம்; பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அதுவரை சமையலறையில் இடுப்பை முறுக்காமல், சின்னச் சின்ன அடி வைத்துத் திரும்பட்டும்.

உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டினால் ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் பார்க்கணும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தாலும் அவரைக் கேட்டே தொடங்குங்கள். திரும்பும்போது அறையே சுற்றுகிறது என்றால் கோளாறு காதில் இருக்கலாம். முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.