17 இன்ச்சா, 15 இன்ச்சா? ஆட்டோகிராஸுக்கு வீலும் டயரும் வாங்குவதற்கு முன்

கேள்வி: என்னுடையது 1,100 கிலோ எடையுள்ள ஃப்ரன்ட் வீல் டிரைவ் ஹேட்ச்பேக். கம்பெனி வீல் 16 இன்ச், அகலம் 6.5 இன்ச், ஆஃப்செட் ஈடி 45 (வீல் காரோடு ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 45 மிமீ வெளியே), டயர் 195/55 ஆர்16 (அகலம் 195 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், 16 இன்ச் ரிம்முக்கு). ஐந்தாறு ஆட்டோகிராஸ் (கோன் வைத்த பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஓட்டிவிட்டேன், இப்போது போட்டிக்கென்று தனியாக ஒரு செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். 17 இன்ச்சில் 215/45 போடு என்கிறார் ஒரு நண்பர், 15க்கு இறங்கு என்கிறார் இன்னொருவர். 245 மாதிரி அகலமான டயர் போட்டால் இன்னும் பிடிப்பு கிடைக்குமா?

பதில்: விட்டத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது, நானும் அப்படித்தான் ஆரம்பித்து ஒரு செட் பணத்தை வீணாக்கினேன். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் உங்கள் கிளாஸின், அதாவது நீங்கள் ஓட்டும் போட்டிப் பிரிவின், விதி, அடுத்து டயர், அடுத்து அந்த டயர் கேட்கும் ரிம் அகலம். விட்டம் கடைசியில் தானாக வந்து உட்காரும்.

விதியை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சில கிளாஸ்களில் ரிம் அகலத்தை மாற்றவே கூடாது, சிலவற்றில் ஆஃப்செட்டுக்கும் வரம்பு உண்டு, தெரு டயர் கிளாஸ்களில் டிரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) 200க்குக் குறையக் கூடாது என்பது பரவலான விதி. வாங்கி மாட்டிய பிறகு வேறு கிளாஸுக்குத் தள்ளிவிட்டார்கள் என்றால் இதைவிடப் பெரிய செட்டப் வைத்திருப்பவர்களோடு மோத வேண்டிவரும். (அந்த 200ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். டெக்சாஸில் 400 மைல் வட்டச் சாலையில் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தைப் பார்த்து எண்ணைத் தருவது டயர் கம்பெனியேதான். அதனால் ஒரு 200 டயருக்கும் இன்னொரு 200 டயருக்கும் பிடிப்பில் நிறைய வித்தியாசம் இருக்கும்.)

இப்போது டயர். போட்டிக்கு ஏற்ற 200 ரக டயர்கள் எல்லா அளவிலும் வருவதில்லை. 15 இன்ச்சில் 205/50, 225/45 என்ற இரண்டும் பல கம்பெனிகள் போடுகிற அளவுகள். கணக்கில் அழகாகப் பொருந்துகிற ஒரு அளவைக் கண்டுபிடித்து, அதில் சுமாரான டயர்தான் கிடைக்கிறது என்றால் அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. ஒரு செட் தேய்ந்தால் அடுத்த செட்டும் அதே அளவில் கிடைக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள், வீல் பல வருஷம் வரும், டயர் வராது.

அடுத்தது ரிம் அகலம், நான் அதிகம் பேச விரும்புவது இதைத்தான். டயர் மேல் அச்சிட்ட 225 என்ற எண் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் மாட்டி அளந்தது. 225/45 ஆர்15க்கு அந்த அளவு ரிம் 7.5 இன்ச், அனுமதித்த வரம்பு 7 முதல் 8.5 வரை. உங்கள் 6.5 இன்ச் அந்த வரம்புக்கே வராது. குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ரிம் ஒரு பக்கம் போக டயர் அரை நொடி யோசித்துவிட்டுப் பின்னால் வரும். நேர் ரோட்டில் இது தெரியாது. வரிசையாகக் கோன் வைத்த ஸ்லாலத்தில், இடமும் வலமும் மாறி மாறித் திருப்பும்போது, மூன்றாவது கோனில் நீங்கள் தாமதம், ஐந்தாவதில் கோன் காலி.

நான் வீணாக்கிய செட் இதுதான், 6.5 இன்ச் ரிம்மில் 225. ஓட்டத்துக்கு முன் டயரின் தோளில், தரையைத் தொடும் பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். ஒரு ஓட்டம் முடிந்து பார்த்தால், தோளில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குச் சாக்பீஸ் அழிந்திருந்தது. அதாவது பக்கச்சுவரில் ஓட்டியிருக்கிறேன். காற்றை ஏற்ற ஏற்ற கோடு மேலே வந்தது, ஆனால் நடுப்பகுதி உப்பிப் பிடிப்பு போய்விட்டது. பிறகு இரவல் வாங்கிய 7 இன்ச் ரிம்மில் பழைய 205ஐ மாட்டி அதே நாளில் ஓட்டினேன், நேரம் குறைந்தது. அன்றைக்குப் பிறகு எனக்கு டயர் அகலத்தைவிட ரிம் அகலம்தான் பெரிது. ரிம்மை அகலமாக்க விதி இடம் தராவிட்டால் 205/50 ஆர்15ல் நில்லுங்கள். அதன் அளவு ரிம் 6.5 இன்ச்தான், உங்களுக்கென்றே செய்தது போல.

245 பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் காருக்கு வேண்டாம். ஆட்டோகிராஸில் ஒரு ஓட்டம் ஒரு நிமிடம் மாதிரிதான், அப்புறம் வரிசையில் நின்று டயர் ஆறிவிடும். எடை குறைந்த காரில் ரப்பர் அதிகமானால் அது சூடேறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் கதை வேறு, அப்போது தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டிய நிலைமை.

சரி, இப்போது விட்டம். உங்கள் இப்போதைய டயரின் மொத்த உயரம் 621 மிமீ. 215/45 ஆர்17 போட்டால் 625, கியரிங்கில் ஒன்றும் மாறாது, கூடுவது எடைதான். மலிவான 17 இன்ச் வீல் ஒன்று 10 கிலோவைத் தாண்டும், 15 இன்ச்சில் 8 இன்ச் அகல நல்ல வீல் 6, 7 கிலோவிலேயே கிடைக்கும். சுற்றுகிற எடை, அதுவும் விளிம்பில் இருக்கிற எடை, காரை முடுக்கும்போது சும்மா கிடக்கிற எடையைவிட அதிகமாக இழுக்கும். 225/45 ஆர்15 என்றால் உயரம் 583.5 மிமீ, ஆறு சதவீதம் குறைவு, அதே இன்ஜினிலிருந்து தரைக்கு ஆறு சதவீதம் கூடுதல் தள்ளல்.

இதில் ஒரு விலை உண்டு. இப்போது இரண்டாவது கியரில் 95 கிமீ வரை போகிறது என்றால் இனி 89லேயே லிமிட்டரில், அதாவது இன்ஜின் சுழற்சியின் உச்சவரம்பில், முட்டும். நீங்கள் ஓட்டும் பாதைகளில் எவ்வளவு வேகம் தொடுகிறீர்கள் என்று பாருங்கள். எண்பதைத் தாண்டுவதே அபூர்வம் என்றால் 15 கண்ணை மூடிக்கொண்டு சரி. 90ஐ அடிக்கடி தொடுகிற நீளமான பாதை என்றால் நடு ஓட்டத்தில் மூன்றாவதுக்கு மாற்றி மறுபடி இறங்க வேண்டிவரும், அதில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் போய்விடும். அப்படியானால் 16லேயே நின்று ரிம்மை மட்டும் அகலமாக்குங்கள். 225/45 ஆர்16 கிடைத்தால் 609 மிமீ, நடுவில் நிற்கும்.

பாரம் தாங்கும் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். 195/55 ஆர்16ல் வழக்கமாக 87 இருக்கும், 225/45 ஆர்15லும் 87, ஆக ஒரு டயருக்கு 545 கிலோ. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

15 உங்கள் பிரேக் மேல் ஏறுமா என்பது தனிக் கேள்வி. விட்டம் ஒன்றாக இருந்தாலும் வீலின் உள்வடிவம் ஒவ்வொன்றிலும் வேறு, ஒரு 15 பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) உரசும், இன்னொரு 15 தாராளமாகச் சுற்றும். மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆஃப்செட்: 6.5லிருந்து 8 இன்ச் போனால் ரிம் மொத்தம் 38 மிமீ அகலமாகிறது. அதே ஈடி 45 என்றால் உள்ளே 19, வெளியே 19. ஈடி 38 என்றால் உள்ளே 12, வெளியே 26. உள்ளே ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங் தட்டும் காத்திருக்கின்றன, வெளியே ஃபெண்டர். எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க நான் செய்வது இது: குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து ஷாக்கிலும் ஃபெண்டரின் உள்விளிம்பிலும் ஒட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒரு மேட்டில் மெதுவாக ஏறி இறங்குவேன். நசுங்காமல் மிஞ்சிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் கையில் இருக்கும் இடம். உள்பக்கம் 5 மிமீக்குக் கீழே என்றால் எனக்குத் தூக்கம் வராது. டயர் கம்பெனி மாறினால் அகலமும் மாறும், யோகோஹாமா ஏ052 அச்சிட்ட அளவைவிடப் பெரிதாக உட்காரும் என்று பெயர் வாங்கியது, அதனால் மற்றொரு டயரில் எடுத்த அளவை அதற்கு நம்ப வேண்டாம்.

நட்டு துளை வட்டம், நடுத்துளை, நட்டின் அடிப்பக்கம் கூம்பா உருண்டையா என்பதெல்லாம் கடைக்காரரே கேட்பார். கேட்கவில்லை என்றால் வேறு கடை.

ஆக உங்களுக்கு என் பரிந்துரை, விதி விட்டால், 15க்கு 8 இன்ச், ஈடி 38 சுற்றுவட்டாரம், 225/45, நாலு பக்கமும் ஒரே அளவு. கார் மூக்கைத் திருப்ப மறுத்தால் அதற்கு இன்னும் அகல டயர் மருந்தல்ல, முன்பக்க கேம்பர்தான், அதாவது வீலின் மேல்பகுதி உள்பக்கம் சாயும் அளவு. ஹேட்ச்பேக்கில் கம்பெனி தரும் கேம்பர் கொஞ்சம்தான், அகல டயர் போட்டும் வெளித்தோள் மட்டும் தேய்கிறது என்றால் அங்கே பாருங்கள்.

இந்த செட்டை மாட்டிக்கொண்டே போட்டிக்குப் போய்வருவீர்கள் என்றால் ஒன்று. உங்கள் ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால் 37 மிமீ உயரம் அதிகம். முன்டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை நேராக முன்னால் மாட்டாதீர்கள், இரண்டு முன்வீலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழி முழுக்க வேலை செய்துகொண்டே வரும். பின்னால் இருக்கும் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி மெதுவாக வீடு வந்து சேருங்கள்.