சட்டம் கேளுங்கள்: கம்பனி பதியக் கொழும்புக்குப் போக வேண்டுமா?

கேள்வி: மருதமுனையில் வாப்பாவின் காலத்திலிருந்து கைத்தறிச் சாரம் நெய்து விற்கிறோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்துள்ளோம். கட்டாரிலுள்ள தம்பியும் என் மச்சானும் பணம் போட முன்வந்திருப்பதால் கம்பனியாக மாற்ற எண்ணுகிறோம். கல்முனையிலேயே சட்டத்தரணி ஒருவரைப் பிடிக்கலாமா? அவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், மருதமுனை

பதில்: தாராளமாகப் பிடிக்கலாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களம் கொழும்பில் இருந்தாலும் விண்ணப்பம் இணையவழியாகவே செல்கிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, தனியார் கம்பனி ஒன்றுக்குப் பங்குதாரர் ஒருவரும் பணிப்பாளர் ஒருவரும் இருந்தாலே போதும். ஆனால் கம்பனியின் பதிவேடுகளைக் கவனிக்கும் செயலாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். படிவம் நிரப்புவதற்குச் சட்டத்தரணி தேவை என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே, அவருக்குக் கொடுக்கும் பணம் படிவத்துக்கானதன்று என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய உண்மையான வேலை, சட்டத்தரணிகள் 'ஆர்ட்டிகிள்ஸ்' என்று குறிப்பிடும் உள்விதிகளை உங்கள் மூவருக்கும் பொருந்த எழுதுவதாகும். தனியாக எழுதாவிட்டால் சட்டத்தின் அட்டவணையிலுள்ள மாதிரி விதிகளே உங்களுக்கும் பொருந்தும். அவற்றுக்கு உங்கள் தறியும் தெரியாது, குடும்பமும் தெரியாது. மச்சான் தம் பங்கை வெளியாருக்கு விற்க முற்பட்டால் அதை முதலில் வாங்கும் உரிமை யாருக்கு, தம்பி வெளிநாட்டில் இருக்கையில் முடிவுகளுக்கு அவருடைய சம்மதம் எவ்வாறு பெறப்படும், பங்குதாரர் ஒருவர் மௌத்தானால் வாரிசுரிமைப்படி பலருக்குப் பிரியும் பங்குகளை மற்றவர்கள் என்ன விலைக்கு வாங்கலாம் என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட வேண்டியவை. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தை நாளாந்தம் கையாளும் கல்முனைச் சட்டத்தரணி, இந்தக் கடைசி விடயத்தில் கொழும்பிலுள்ள பெரிய அலுவலகத்தைவிட உங்களுக்குப் பயன்படக்கூடும்.

எனினும் காணி வழக்கில் பெயரெடுத்தவர் எல்லோரும் கம்பனி வேலை செய்தவர்கள் அல்லர். ஏற்கெனவே கம்பனியாக இயங்கும் அரிசி ஆலைக்காரரிடமும் உங்கள் கணக்காளரிடமும் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். சென்றதும், பதிந்த பின் செயலாளராக யார் இருப்பார், பதிவாளருக்குக் கம்பனியின் விவரங்களைத் தெரிவிக்கும் வருடாந்த விவரத்திரட்டை யார் அனுப்புவார், அதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு என்று கேட்டு, கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். இணையப் பதிவுக்குரிய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். பிறருடைய மின்னஞ்சலில் பதிந்துவிட்டுப் பின்னர் அவர் பின்னால் அலைவோரை நான் கண்டிருக்கிறேன்.

கம்பனியானால் கடன் உங்கள் வீட்டைத் தொடாது என்று நம்பிவிடவும் வேண்டாம். வங்கி பெரும்பாலும் பணிப்பாளரின் சொந்தப் பிணையையும் கேட்கும்.

தம்பி விடுமுறையில் வரும்போது மூவரும் சேர்ந்தே சட்டத்தரணியிடம் போங்கள். அவர் உங்களுக்காக மட்டும் எழுதுகிறாரா, மூவருக்குமாக எழுதுகிறாரா என்பதை அந்த முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.