ஜெர்மன் ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு வர்றா!

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு என் கூட வேலை பாக்குற ஜெர்மன்காரப் பொண்ணு வர்றா. முகூர்த்தம் காலைல 6 மணிக்கு. அவகிட்ட என்னென்ன சொல்லி வைக்கணும்? - ஒரு வாசகி, மதுரை.

பதில்: முதல்ல டைமிங்கை சொல்லுங்கம்மா. ரிசப்ஷன் ஏழுன்னு பத்திரிகைல போட்டா மாப்பிள்ளையே ஏழரைக்குத்தான் மேடை ஏறுவாரு, ஆனா முகூர்த்தம் மட்டும் யாருக்காகவும் நிக்காது, அதனால முந்தின நாளே மதுரைக்கு வரச் சொல்லிடுங்க. கெட்டிமேளம் கேட்டா தாலி ஏறுதுன்னு அர்த்தம், கைல இருக்குற அட்சதைய அப்பத்தான் போடணும் (நம்மாளுங்க கடைசி வரிசைலேர்ந்து எறிஞ்சு முன்னாடி இருக்குறவர் தலைல அபிஷேகம் பண்றதெல்லாம் அவ கத்துக்க வேணாம்). மணமேடைல செருப்பு கூடாது. புடவைன்னா பின் நிறைய குத்தி விடுங்க, கருப்பு மட்டும் வேணாம், பாட்டிங்க முணுமுணுப்பாங்க.

பந்திதான் பெரிய பரீட்சை. வலது கைதான். வேணாம்னு வாயால சொன்னா பரிமாறுறவர் காதுலயே விழாது, இலைக்கு மேல கைய நீட்டி மறைக்கணும், இல்லன்னா சாம்பார் மேல சாம்பார் வந்துகிட்டே இருக்கும், அதுக்குள்ள அடுத்த பந்திக்காரர் சேருக்குப் பின்னாடியே வந்து நின்னுடுவாரு, அதைப் பாத்து அவ பயந்துடப் போறா. சாப்பிட்டதும் இலைய தன் பக்கமா மடிக்கச் சொல்லுங்க.

மொய் அவ இஷ்டம், வச்சா 501, 1001னு ஒத்தைப்படைல வைக்கட்டும். தாம்பூலப் பையில வர்ற தேங்காய மட்டும் நீங்க வாங்கி வச்சுக்கோங்க, சட்னிக்கு ஆகும்.