தம்பி, முதல்லை பருப்பை அடுப்பிலை வையும்

தம்பி, கனடாவுக்கு வந்து நாலு மாதம், ரொறன்ரோ ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மென்ற்றிலை மூண்டு பெடியளோடை இருக்கிறன், பகல் கொலிஜ், இரவு வேர்ஹவுஸ், உழைக்கிறதிலை பாதி சாப்பாட்டுக்கே போகுது, அஞ்சு கிலோவும் ஏறிப்போச்சு, மலிவாயும் சுகமாயும் சமைச்சுச் சாப்பிட என்ன வழி எண்டு கேட்டிருக்கிறீர். கூடவே எந்த ஜக்கெற் வாங்கிறது, பழைய கார் ஒண்டு எடுக்கலாமோ, கல்கரிக்கு மாறினால் நல்லதோ எண்டும் கேள்வி. ஜக்கெற் மூண்டு கடை ஏறி இறங்கினால் தானாய் விளங்கும். கார் இப்ப வேண்டாம். கல்கரியிலை நான் இருந்ததில்லை, இருந்தவையைக் கேளும். சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்லுறன். அதிலைதான் நான் நல்லா அடிபட்டனான்.

உம்மடை அஞ்சு கிலோ எங்கையிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும். பின்னேரம் வேலைக்குப் போகேக்கை பஸ் தரிப்புக்குப் பக்கத்திலை எங்கடை டேக்அவுட் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை ஆட்டிறைச்சி ரோல்ஸ், உள்ளுக்கை கொத்து அடிக்கிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாய்த் திரும்பும், எனக்கு இப்பவும் திரும்பும். ஒரு கொத்துரொட்டியும் ஒரு சோடாவும் வாங்கிற காசுக்கு ரெண்டு கிலோ பருப்பு வாங்கலாம் தம்பி. அதுக்கு மேலை வரி வேறை. எங்கடை மாகாணம் ஒன்ராறியோவிலை, கடையிலை சமைச்சுத் தாற சாப்பாடு நாலு டொலருக்கு மேலை போனால் 13 வீதம் வரி. அரிசி, பருப்பு, மரக்கறி, பால், முட்டைக்கு ஒரு சதமும் இல்லை. அரசாங்கமே வீட்டிலை சமை எண்டுதான் சொல்லுது, நாங்கள்தான் காதிலை வாங்கிறேல்லை.

நான் 1990 தை மாதம் வந்திறங்கினனான். அப்ப எங்கடை ஆக்கள் கனபேர் ரவுணுக்குள்ளைதான், வெலஸ்லி - பார்லிமென்ற் பக்கம், சென்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டிடங்களிலை. ஒரு அறை வீடு, எட்டுப் பேர். ஊரிலை நான் குசினிக்குள்ளை போனது தண்ணி குடிக்க மட்டும்தான். அம்மா, ரெண்டு அக்காமார், தேத்தண்ணி இருந்த இடத்துக்கு வரும். இஞ்சை வந்து மூண்டாம் நாள், இண்டைக்கு உன்ரை முறை எண்டு சட்டியைக் கையிலை தந்தாங்கள். ஆளுக்கு ஒரு கப் எண்டு கணக்குப் பாத்து எட்டுக் கப் அரிசியை ஒரே சட்டியிலை போட்டன். அது பொங்கி வழிஞ்சு, கறண்ட் அடுப்புச் சுருளிலை பிடிச்சு, புகை அலாரம் அடிச்சு, மேல்மாடிக் கிழவி வந்து கதவிலை தட்டினா. அண்டைக்கு எட்டுப் பேரும் பாணும் பட்டரும்.

அதுக்குப் பிறகு ஒரு வருஷம் நான் சமைக்கிற பக்கமே போகேல்லை. ஒரு ரெஸ்ரோரன்ற்றிலை இரவிலை கோப்பை கழுவினனான். அப்ப ஆகக்குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 5 டொலரும் சொச்சமும். அங்கை மிஞ்சிற பொரிச்ச உருளைக்கிழங்கு சும்மா கிடைக்கும். வீட்டிலை பைக்கற் நூடில்ஸ், சோடா. காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். மிச்சம் பிடிச்ச அந்தக் காசை 41 வயசிலை சீனி வருத்தம் வட்டியோடை திருப்பி வாங்கிச்சுது. பல்லு வைத்தியம் தனி. ஓஹிப், அதுதான் ஒன்ராறியோ அரசாங்கத்தின்ரை மருத்துவக் காப்புறுதி, பெரியாக்களின்ரை பல்லுக்குக் காசு குடுக்காது எண்டதை ரெண்டு கடைவாய்ப்பல்லுப் போன பிறகுதான் அறிஞ்சன். நீர் படிக்க வந்த ஆள், உமக்கு ஓஹிப்பே இல்லை, கொலிஜ் எடுத்துத் தந்த காப்புறுதிதான். அது எதுக்குக் காசு தரும், எதுக்குத் தராது எண்டு இண்டைக்கே எடுத்து வாசியும்.

என்னைத் திருத்தினது எங்களோடை இருந்த வட்டுக்கோட்டை அண்ணை. ஊரிலை சங்கக்கடை மனேச்சராய் இருந்தவர். கணக்கு எண்டால் சதத்துக்குப் பாப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நீ வேறை ஒண்டும் பழக வேண்டாம், பருப்பை மட்டும் பழகு" எண்டார். அண்டைக்கு அவர் காட்டினதைத்தான் இண்டைக்கும் செய்யிறன். ஒரு கப் மைசூர்ப் பருப்பை மூண்டு தண்ணியிலை கழுவும். ஊறப்போடத் தேவையில்லை. மூண்டு கப் தண்ணி, மஞ்சள், அரிஞ்ச வெங்காயம், ரெண்டு பச்சை மிளகாய், நாலு பல்லு உள்ளி. இருவது நிமிஷம். பருப்பு அவிஞ்சு கரைஞ்ச பிறகுதான் உப்பு. தேங்காய்ப்பால் ரின் ஒவ்வொரு நாளும் உடைக்காதையும், அது காசும் கொழுப்பும். அரைக் கப் பசுப்பால் விட்டு ஒரு கொதியோடை இறக்கும். மேலை கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டும். கறிவேப்பிலை விலை ஏறினால் விடும், ஒண்டும் குறையாது. இதோடை நாலு பேர் வயிறு நிரம்பும்.

இந்தப் பருப்பு எங்கை விளையிறது தெரியுமோ? இஞ்சைதான். உலகத்திலை இந்தப் பருப்பை ஆகக்கூட ஏற்றுமதி செய்யிற நாடு கனடா, அதிலை பெரும்பங்கு சஸ்கச்சுவான் மாகாணத்திலை. 1970களிலை அங்கத்தைப் பல்கலைக்கழகத்திலை இந்த மண்ணுக்குத் தோதான இனங்களை உண்டாக்கினவை. கோதுமையோடை மாறி மாறி விதைப்பினம், பருப்புச் செடி மண்ணுக்கு நைதரசனும் சேர்க்கும். இப்ப இலங்கைக் கடையளிலை விக்கிற மைசூர்ப் பருப்பிலையும் கனடாப் பருப்பு நிறைய. நாங்கள் வீட்டுச் சாப்பாடு எண்டு ஏங்கிறது ரெண்டு மூண்டு நாள் கார் ஓட்டத்திலை விளைஞ்சு கிடக்குது.

நான் சொல்ல வாறதும் அதுதான். எங்கடை சமையலை வைச்சிரும், எங்கடை மரக்கறியை விட்டிடும். முருங்கைக்காய், பாவற்காய், வல்லாரை எல்லாம் பிளேனிலை வாறது, வாடி வதங்கித்தான் வரும், அதுக்கு இறைச்சி விலை. ஊர் ஞாபகத்துக்கு மாதம் ஒருக்கா வாங்கும், பரவாயில்லை. கிழமைச் சாப்பாட்டுக்கு இஞ்சை மலிஞ்சதை எடும்: கோவா, கரட், பீற்றூட், பூசணி, லீக்ஸ். கேல் எண்டு ஒரு முரட்டு இலை இருக்கு. முதல் கண்டபோது மாட்டுக்குப் போடுறதெண்டுதான் நினைச்சன். நடு நரம்பைக் கிழிச்செறிஞ்சு, இலையைச் சுருட்டி, எவ்வளவு மெல்லிசாய் ஏலுமோ அவ்வளவு மெல்லிசாய் அரியும். வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, இலையைப் போட்டு அஞ்சு நிமிஷம், கடைசியிலை தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி. முருங்கையிலை வறைக்குக் கிட்ட வரும். தேங்காய்ப்பூ ஃப்றீசர் பைக்கற்றிலை இருக்கு, திருவலை தேடி அலையாதையும். கீரைக்கு ஃப்றோசின் ஸ்பினாச், கழுவிற வேலையும் மிச்சம்.

கடையளின்ரை புது விலைத்துண்டு, பிளையர் எண்டுவினம், வியாழக்கிழமையிலை தொடங்கும். சில கடையளிலை மற்றக் கடைப் பிளையரைக் காட்டினால் அதே விலைக்குத் தருவினம். காட்ட வெக்கப்படுகிற ஆக்கள் எங்களுக்குள்ளை கனக்க. பிள்ளையின்ரை சாமத்தியவீட்டுக்கு ஹோல் பிடிச்சு ஆயிரக்கணக்கிலை கொட்டுவினம், கோவாவிலை ஒரு டொலர் குறைக்கச் சொல்லிக் கேக்க மட்டும் கௌரவம் விடாது. நீர் வெக்கப்படாதையும்.

இனி ஞாயிற்றுக்கிழமைச் சமையல். நாலு பேரும் சேர்ந்து ஒரே நாளிலை நாலு நாளுக்குச் சமைக்கிறம் எண்டும் எழுதியிருக்கிறீர், நல்ல யோசனைதான். ஆனால் ஒரு விஷயம் பிடிவாதமாய்ச் சொல்லுறன்: சோத்தை இரவு முழுக்க அடுப்பிலை விட்டிட்டுப் படுக்காதையும். "அம்மா பழஞ்சோறு வைச்சவதானே" எண்டு சொல்லுவீர். அம்மா தண்ணி ஊத்தி வைச்சு விடிய வெங்காயத்தோடை கரைச்சவ. நீர் மூடின சட்டியை ஹீற்றர் பக்கத்திலை வைச்சு, அடுத்த நாள் பின்னேரம் மைக்றோவேவிலை சூடாக்கிறீர். சோத்திலை ஒருவகைக் கிருமி சமைச்ச பிறகும் தப்பியிருக்கும், அது விடுற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எங்கடை அறையிலை ஒருத்தன் அப்பிடிச் சாப்பிட்டுட்டு ரெண்டு நாள் குளியலறையை விட்டு வெளியிலை வரேல்லை. எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை, மிச்சத்தை நீரே யோசியும். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை சின்னப் பெட்டியளிலை பிரிச்சு ஃப்றிஜ்ஜுக்குள்ளை வையும், மூண்டு நாலு நாளுக்குள்ளை சாப்பிட்டு முடிச்சிடும், மிச்சம் ஃப்றீசருக்குள்ளை.

ஊரிலையிருந்து மிக்ஸி கொண்டு வர அம்மாட்டைச் சொன்னதாய் எழுதியிருக்கிறீர். சொல்லாதையும். இஞ்சை கறண்ட் 120 வோல்ற்தான், ஊரிலை இருக்கிறதிலை பாதி, அது உறுமாது, முனகும்.

பேஸ்மென்ற்காரர் கிழமைக்கு ரெண்டு நாள்தான் சமைக்க விடுவார், மீன் பொரிக்கக் கூடாதாம் எண்டு எழுதினதை வாசிக்க எனக்கு ரெத்தம் கொதிச்சுது. அவர் எங்கடை ஆள்தானே? எனக்குத் தெரியும். எனக்கும் ஒருத்தர் அப்பிடி இருந்தவர். மேலை அவையின்ரை வீட்டிலை காலமை எழும்பினால் கருவாடு, கீழை என்ரை ரின் மீன் குழம்பு மட்டும் மணக்குமாம். வெள்ளைக்காரன் ஒருநாளும் என்னட்டை அப்பிடிக் கதைக்கேல்லை. வந்து பத்து வருஷத்திலை வீடு வாங்கின ஆக்களுக்குத் தாங்கள் எட்டுப் பேரோடை படுத்தது மறந்துபோகும். அடுத்த வீடு பாக்கேக்கை வாடகைக்கு முதல் அடுப்பைப் பற்றிக் கேளும். நாற்பது டொலர் குறைச்சுத் தந்துபோட்டு அடுப்பை மூடினால், அந்தக் காசு கொத்துரொட்டிக் கடைக்குத்தான் போகும்.

சுகத்தைப் பற்றி ரெண்டு சொல்லு. 2019 இலை கனடா அரசாங்கம் புதுச் சாப்பாட்டு வழிகாட்டி விட்டது: கோப்பையிலை பாதி மரக்கறியும் பழமும், கால்வாசி பருப்பு, முட்டை, மீன் மாதிரி, கால்வாசி முழுத்தானியம், குடிக்கத் தண்ணி. எங்கடை கோப்பையிலை சோறு மலை, கறி அதுக்குப் பக்கத்திலை ஓடுற ஆறு. சாமானை மாத்தத் தேவையில்லை, அளவைத் தலைகீழாக்கினால் காணும். தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுறதை ஒண்டாக்கும், இரவு வேலையிலை நாலு தேத்தண்ணி குடிப்பீர், கணக்குப் பாரும். பால் குடியும், இஞ்சை பாலிலை விற்றமின் டி சேர்த்துத்தான் விக்க வேணும் எண்டு சட்டம். எங்கடை தோலுக்கு இந்தக் குளிர்கால வெயில் காணாது, நீர் பகலிலை வகுப்பு, இரவிலை வேர்ஹவுஸ், வெயிலையே காணுறேல்லை. டொக்ரரைக் காணேக்கை அதைக் கேளும். வாட்ஸ்அப்பிலை பாவற்காய்ச் சாறு குடிச்சால் சீனி மாறும் எண்டு அனுப்புற மாமாமாரை நம்பாதையும். என்ரை சொந்தக்காரர் ஒருத்தர் அப்பிடிக் குளிசையை நிப்பாட்டி அம்புலன்ஸிலை போனவர். இப்பவும் வந்து எனக்குப் புத்தி சொல்லுறார்.

அம்மாக்கு அப்ப நான் எழுதின காயிதமெல்லாம் பொய். 1990 ஆனியிலை சண்டை திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்திலை கறண்ட் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை, ஜாம்போத்தல் விளக்கிலைதான் அவ என்ரை காயிதத்தை வாசிச்சிருப்பா. ஒவ்வொண்டிலையும் "என்ன சாப்பிடுறாய்" எண்டு கேப்பா. புட்டும் மீன்குழம்பும் எண்டு எழுதுவன். பக்கத்திலை நூடில்ஸ் ஆறிக்கொண்டிருக்கும். அவவும் பொய்தான் எழுதினவ. "இஞ்சை எல்லாம் கிடைக்குது, நீ யோசியாதை" எண்டு.

1998 இலை ஸ்பொன்சரிலை வந்தா. நான் சமைக்கிறதைக் கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தா. ஒண்டும் சொல்லேல்லை, கேல் வறையை மட்டும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினா. சண்டை முடிஞ்சு 2011 இலை அம்மா ஊருக்குப் போட்டு வரேக்கை ஒரு சூட்கேஸ் நிறையச் சாமான்: தூள், ஒடியல், எள்ளுப்பாகு, அதுக்கு நடுவிலை ரெண்டு கிலோ மைசூர்ப் பருப்பு. உந்தக் கனடாப் பருப்பிலை ருசி இல்லை எண்டு கொழும்பிலை ஏறேக்கை வாங்கினவவாம். பைக்கற்றை நான்தான் வெட்டினனான். பின்பக்கம் சின்ன எழுத்திலை, கனடாவிலை விளைஞ்சது எண்டு கிடந்தது. மடிச்சுக் குப்பைப் பெட்டிக்குள்ளை போட்டன். அண்டைக்கு அவதான் சமைச்சா. "பாத்தியோ, எங்கடை பருப்பெண்டால் மணமே வேறை" எண்டா.

ஓமம்மா எண்டு சொல்லிப்போட்டு இன்னொரு அகப்பை போட்டுச் சாப்பிட்டன்.