விடத்தலை முட்புதர் வெட்ட வெட்ட முளைக்கிறது, ஜேசிபி விட்டுத் தோண்டிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். தரிசு நிலத்தை வாங்கிவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் அதைத்தான் செய்து இரண்டு வருடத்தை இழந்தோம்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண் மானாவாரி. அப்பாவுக்குப் பிறகு ஆறேழு வருடம் உழாமல் போட்டதில் விடத்தலை மூடிவிட்டது. ஜேசிபியால் தோண்டி, சட்டிக் கலப்பையும் ஓட்டினோம். ஐப்பசி மழை விழுந்ததும், ஒரு புதர் நின்ற இடத்தில் பத்து முளை! இதன் பக்கவேர் நாலாபக்கமும் நீளமாக ஓடும். அறுந்து மண்ணுக்குள் கிடக்கும் துண்டெல்லாம் தனிச் செடியாகிவிடும்.

வேரில் இருக்கும் சத்தைத் தீர்ப்பதுதான் வழி. தூரை ஒட்டி வெட்டுங்கள். முளை ஒரு சாண் வந்ததும் மறுபடி அறுத்துவிடுங்கள். தளிர் விடுவதற்கு வேர் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. இலை விரிந்து அதைத் திருப்பிச் சேர்ப்பதற்குள் வெட்டிவிட வேண்டும். நடுவில் ஒரு மழைக்காலம் சும்மா விட்டால் பட்ட பாடு வீண். ஆடு இருந்தால் நல்லது, தளிரை விரும்பிக் கடிக்கும். நல்ல மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சின்னத் தூர்களைக் கடப்பாரையால் நெம்பி, வேரைப் பிடித்து இழுத்து எடுங்கள். அதை வரப்பில் போடாமல் காயவைத்து எரித்துவிடுங்கள். எங்களுக்கு மூன்றாம் வருடம்தான் நிலம் கைக்கு வந்தது.

காயிலும் ஒரு கண் வேண்டும். சுருண்டு கொத்தாகத் தொங்கும் அந்தக் காயை ஆடுமாடு தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து முளைக்கும். காய் பழுக்கும் காலத்தில் வெளி ஆட்டுக்கிடை போடாதீர்கள்.

கியூபாவுக்கு வெளியிலிருந்து போன செடி இது. அங்கே மராபு என்கிறார்கள். ஏராளமான விளைநிலத்தை மூடிவிட்டது. வெட்டிக் கரியாகச் சுட்டு, 2017இல் அமெரிக்காவுக்கே ஏற்றுமதி செய்தார்கள்.

நமக்கோ இது மண்ணின் செடி, சீமைக்கருவேலம் போல வந்தேறி இல்லை. அதனால் அடியோடு ஒழிக்க நினைக்காதீர்கள். மேலே இளஞ்சிவப்பும் கீழே மஞ்சளுமாகத் தொங்கும் அந்தப் பூவுக்காகவே எங்கள் வடக்கு வரப்பில் நாலு தூர் விட்டிருக்கிறேன். அதிலிருந்து நிலத்துக்குள் வரும் வேர்க்கன்றை மாதம் ஒருமுறை அறுத்து ஆட்டுக்குப் போடுகிறோம்.